வெள்ளவத்தை ரத்தத்துக்கு ஓர் அளவு

நேசமலரிடம் யாராவது "நான் நல்ல சுகம்" என்று சொன்னால் அவர் உடனே நம்பிவிட மாட்டார். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் ரத்தத்தைப் பார்த்தே சீவியம் நடத்திய மனுசி. சுகம் என்பது ஆள் தன்னைப் பற்றித் தானே கட்டிவிடுகிற கதை, ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகுதான் மிச்சக் கதை என்பது அவருடைய கொள்கை. கலியாண வீட்டில் எதிரே வருகிறவரின் சேலையைப் பார்க்க முதல் கண்ணின் கீழிமையைப் பார்ப்பார். வெளிறிக் கிடந்தால் அதை அங்கேயே சொல்லியும் விடுவார். இதனால் பந்தியில் அவருக்குப் பக்கத்துக் கதிரை கடைசிவரை காலியாகவே இருக்கும்.

பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. கலியாணம் முடித்து வந்தது வெள்ளவத்தை. அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்து, இனி வீட்டில் இருப்போம் என்று ஏழு நாள், சரியாக ஒரு கிழமை, இருந்து பார்த்தார். சரிவரவில்லை. அந்த ஒரு கிழமைக்குள் அதே மாடிக்கட்டடத்தில் மூன்று பேருக்குச் சோகை என்று கண்டுபிடித்து, அவர்களுடைய நிம்மதியைக் குலைத்துவிட்டார். இந்த மனுசியை எங்கேயாவது வேலைக்கு அனுப்பாவிட்டால் தங்களைக் குடியிருக்க விடமாட்டார்கள் என்று கணவர் முத்துலிங்கத்துக்கு விளங்கியது. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் லாப் வைத்திருந்த டொக்டர் றவூப்பிடம் அவரே கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

டொக்டர் றவூப் கொம்பனித்தெருக்காரர். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர். ரத்தம் உறைவதைச் சோதிக்கும் மேசையை நேசமலரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தப் பக்கம் தேவையில்லாமல் வரமாட்டார்.

அந்தச் சோதனை பெரிய மந்திரமில்லை. ஒப்பரேஷனுக்கு முதல் டொக்டர்மார் கேட்பது. நீல மூடி ரியூப்பில் ரத்தம் எடுத்து, சுழற்றித் தெளியவைத்து, மேலே நிற்கும் மஞ்சள் நீரில் மருந்தை விட்டால், அது கட்டிபட எத்தனை செக்கன் எடுக்கிறது என்று மெஷின் எண்ணிச் சொல்லும். ஆனால் எண் மட்டும் வந்து என்ன பிரயோசனம்? முப்பத்துநாலு என்றால் நல்லதா கெட்டதா என்று யாருக்குத் தெரியும்? அதனால் ரிப்போட்டில் பக்கத்தில் ஓர் எல்லை அடித்திருக்கும், இதிலிருந்து இதுவரை நோர்மல் என்று. அதைத் தாண்டினால் எண்ணுக்கு அருகே ஒரு நட்சத்திரம் விழும். நட்சத்திரம் விழுந்த ஆளின் வயிற்றை எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் இலேசில் திறக்கமாட்டார்.

அந்த எல்லை எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் நேசமலரின் தீராத எரிச்சல். மருந்துப் பெட்டிக்குள் கம்பனிக்காரன் மடித்து வைத்த தாளில் இருந்து வருகிறது. கம்பனியோ வெளிநாடு.

"குளிருக்குள்ள இருந்து பாணும் பட்டரும் திண்ட சனத்தின்ர அளவை வச்சுக்கொண்டு, புட்டும் சம்பலும் திண்ட சனத்தை அளக்கிறம்," என்பார். கேட்பதற்கு லாப்பில் ரத்தம் எடுக்கிற பெண் யதுஷா மட்டும்தான் இருப்பாள். அவள் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே ஊசிகளை அடுக்குவாள்.

புது மெஷின் வந்தபோது நேசமலருக்குக் காலம் கனிந்தது. ஒவ்வொரு லாப்பும் தன் சனத்தைச் சோதித்துத் தன் எல்லையைத் தானே வைப்பது உத்தமம் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. நூற்றிருபது சுகதேகிகளின் ரத்தத்தைப் பார்க்கவேண்டும். ஆகக் குறைந்ததிலும் ஆகக் கூடியதிலும் ஒருசிலரைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிறதுதான் நோர்மல்.

"இருவது பேரப் பாத்து, கம்பனி அளவு நமக்குச் சரிவருதான்னு மட்டும் உறுதிப்படுத்தினாலும் போதும், மிஸ்," என்றார் டொக்டர் றவூப்.

"இருவது பேரைப் பார்த்தால் அவன்ர அளவு. நூற்றிருவது பேரைப் பார்த்தால் எங்கட அளவு, டொக்டர்," என்றார் நேசமலர்.

டொக்டர் விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுப்பது அவருக்குக் கைவந்த கலை.

வெள்ளவத்தையில் நூற்றிருபது சுகதேகிகளைத் தேடிப் பிடிப்பது என்ன பாடு என்பதைத் தேடியவருக்குத்தான் தெரியும். எல்லோரும் சுகம் என்றுதான் வந்தார்கள். மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார்கள். பிரஷருக்கு என்று கேட்டால், "அது எடுக்கிறனான், அது மருந்தில்லையே, குளிசை," என்றார்கள். ஒருவர் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு, எழும்பும்போது கொலஸ்ட்ரோலுக்கு என்ன சாப்பாடு நல்லது என்று கேட்டார். இன்னொரு அம்மா, இதயத்தில் குழாய் வைத்து மூன்று வருடமாகிறதாம், வைத்த பிறகு நல்ல சுகமாம், ஆகவே சுகதேகிதானாம். நேசமலர் எல்லோரையும் திருப்பி அனுப்பினார். இரண்டு கிழமையில் தேறியது ஒன்பது பேர். அவர்களிலும் இருவர் லாப்பில் வேலை செய்கிறவர்கள்.

வழி காட்டியவர் முத்துலிங்கம். ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் மேற்பார்வையாளராக இருந்தவர். வேலைக்காலம் முழுக்கப் பெட்டிகளுக்கு நடுவே நடந்து நடந்து, ஓய்வு பெற்ற பிறகும் கால் நிற்க மறுத்தது. மரைன் டிரைவில் விடியற்காலையில் நடக்கிற குழுவொன்றில் சேர்ந்தார். அதன் தலைவர் ஜீவராஜ், வங்கி மனேச்சராக இருந்தவர், கழுத்தில் விசில் போட்டுக்கொண்டு நடப்பார். கடலும் ரயில் பாதையும் ஒரு பக்கம் வர, கொள்ளுப்பிட்டிவரை போய்த் திரும்பும் நடை அது. நடை என்று சொல்வது மரியாதைக்கு. கடைசிப் பகுதியில் விசில் அடித்தால் எல்லோரும் ஏறக்குறைய ஓடவேண்டும். குழுவில் நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. குளிசை எடுக்கத் தொடங்கிய ஒருவரை, மெதுவாக நடக்கிற வேறொரு குழுவுக்கு மாற்றல் கொடுத்து அனுப்பிய வரலாறும் உண்டு.

"நீர் சுகமான ஆக்களைத் தேடுறீர். அவை தினமும் என்னோட நடக்கினம்," என்றார் முத்துலிங்கம்.

நேசமலர் கணவரை நிமிர்ந்து பார்த்தார். கலியாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஆகப் பிரயோசனமான வார்த்தை இதுதான் என்று நினைத்தார்.

ஒரேயொரு சிக்கல். நடை முடிந்ததும் குழு நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போகும். சாவீடென்றாலும் அந்தத் தேத்தண்ணியைப் பிந்தவிட மாட்டார்கள். ஆகவே நடைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் நேரே லாப்புக்கு வந்து ரத்தம் கொடுப்பது என்று ஒப்பந்தமாயிற்று. நடந்த களையோடு வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கையை நீட்டினார்கள். நெஞ்சு ஏறி இறங்க, மூச்சு வாங்க, பகிடி விட்டுக்கொண்டு நின்றார்கள். மனைவிமார், மனைவிமாரின் தோழிமார், பக்கத்து மகளிர் நடைக்குழு என்று ஆட்கள் பெருகினார்கள். யதுஷா ஒரு கையில் ரப்பர் பட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கை வந்துவிடும்.

ரத்தம் எடுக்க முதல் ஆளைக் கொஞ்ச நேரம் ஆறுதலாக உட்கார வைக்கவேண்டும் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. நேசமலர் அதை வாசிக்காமல் விடவில்லை. வாசித்தார். லாப்பில் இருந்ததோ மூன்று கதிரை. தவிர, அந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தார்.

"அது வெள்ளைக்காரருக்கு, பிள்ளை," என்று யதுஷாவுக்கு விளக்கமும் கொடுத்தார். "அவை தலை சுத்தி விழுந்தால் வழக்குப் போடுவினம். எங்கட ஆக்கள் விழுந்தால் எழும்பிப் போவினம்."

நூற்றிருபது பேர் சேர்ந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அப்படியொரு வடிவான எல்லை. இருபத்துநாலிலிருந்து முப்பத்திரண்டு. கம்பனிக்காரன் வைத்ததோ இருபத்தாறிலிருந்து முப்பத்தெட்டு. பார்த்தீர்களா, எங்களுடைய ரத்தம் சுறுசுறுப்பு என்று நேசமலருக்குப் பெருமை பிடிபடவில்லை. டொக்டர் றவூப் கையெழுத்து வைத்தார். மறுநாளிலிருந்து ரிப்போட்டின் அடியில் 'எமது ஆய்வுகூடத்தின் சொந்த எல்லை' என்று அச்சாகி வந்தது. முத்துலிங்கத்துக்கு முப்பத்தொன்று. அவரும் ஜீவராஜும் அதன்பிறகு கொஞ்சக் காலம் தரையில் நடக்கவில்லை. கொழும்பில் யார் நோர்மல் என்று தீர்மானிப்பது தங்கள் குழுதான் என்று தேத்தண்ணிக் கடையில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னார்கள்.

சில கிழமையில் டொக்டர் றவூப் மெல்ல வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். லாப்புக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை உண்டு. அங்கே எடுக்கிற ரத்தம் மோட்டார் சைக்கிளில் வெள்ளவத்தைக்கு வரும்.

"மிஸ், கொட்டாஞ்சேன பிராஞ்சில இருந்து வாறதுல நெறய ஸ்டார் விழுதே. ஏன்னு பாத்தீங்களா?"

"பார்த்தனான் டொக்டர். அந்தச் சனம் தின்னுறதும் சரியில்லை, நித்திரை கொள்ளுறதும் சரியில்லை. ரத்தம் காட்டிக்குடுக்குது."

"நீங்களும் கொட்டாஞ்சேன தானே மிஸ்?"

"அதாலதான் சொல்லுறன்."

டொக்டர் தாடியைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வியை அவர் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் முத்துலிங்கத்தின் அடிவயிற்றில் ஒரு வீக்கம் தெரிந்தது. இருமினால் வெளியே வந்தது, படுத்தால் உள்ளே போனது. குடலிறக்கம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். சின்ன ஒப்பரேஷன், ஆனால் பிந்தக்கூடாது, குடல் வெளியே வந்து இறுகிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார். நாள் குறித்தார். வழமையான ரத்தப் பரிசோதனைகளைக் கேட்டார். அதுவரை வேகநடை வேண்டாம் என்றார்.

கணவரின் ரத்தத்தை நேசமலர் வேறு யாரையும் எடுக்கவிடவில்லை. காலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்க, தானே எடுத்தார். லாப்புக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்தார். முப்பத்துநாலு. பக்கத்தில் நட்சத்திரம்.

மெஷினைச் சரிபார்த்தார், சரி. மருந்தைச் சரிபார்த்தார், அதுவும் சரி. பின்னேரம் திரும்ப எடுத்துப் பார்த்தார், அதே முப்பத்துநாலு. நாலு மாதத்துக்கு முதல் முப்பத்தொன்றாக இருந்த மனிதர். இப்போது முப்பத்துநாலு. ஏதோ வருத்தம் உள்ளே புதிதாகத் தொடங்கியிருக்கிறது, கூடிக்கொண்டு போகிறது என்பதைத் தவிர வேறு என்னதான் நினைப்பது? எல்லை பிழையாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தான் பெற்ற பிள்ளையைக் கள்ளனென்று எந்தத் தாய் சந்தேகிப்பாள்?

"உங்கட ரத்தம் உறையப் பிந்துது," என்றார் வீட்டுக்கு வந்து.

"எவ்வளவு பிந்துது?"

"ரெண்டு செக்கன்."

"ரெண்டு செக்கன்தானே."

"ரெண்டு செக்கன் எண்டால் ரெண்டு செக்கன்தான்," என்றார் நேசமலர்.

நட்சத்திரத்தைக் கண்ட நிபுணர் ஒப்பரேஷனை ஒத்திவைத்தார். ரத்த வருத்தங்களுக்கான விசேட டொக்டரிடம் காட்டச் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவரைக் காண முறை வர மூன்று மாதம் செல்லும். அதுவரை கணவரைக் காப்பாற்றுவது தன் பொறுப்பு என்று நேசமலர் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டார். சவர பிளேட் குப்பைக்குப் போனது. மெல்பேணில் இருக்கும் மகளுக்குச் சொல்லி மின்சார ரேஸர் வந்தது. முத்துலிங்கம் தேங்காய் திருவுவது, பழம் வெட்டுவது, டின் திறப்பது எல்லாம் தடை. விழுந்தால் உள்ளே ரத்தம் கசியும் என்பதால் வெளியே நடப்பது முற்றாகத் தடை. கிழமைக்கு ஒருமுறை சாப்பாட்டு மேசையில் ரத்தம் எடுத்தார். முப்பத்துநாலு, முப்பத்துநாலு, ஒருமுறை முப்பத்துமூன்றரை. அன்றைக்கு மாத்திரம் கொஞ்சம் பால்சோறு செய்தார்.

மனிதர் மூன்றாம் மாடி பல்கனியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். காலையில் கீழே விசில் சத்தம் போகும். முதலில் கையைக் காட்டினார். பிறகு காட்டுவதை விட்டுவிட்டார். ஜீவராஜ் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். குழுவின் விதிப்படி அவருக்குத் தற்காலிக ஓய்வு வழங்கப்பட்டிருப்பதை மிகவும் மனவருத்தத்துடன் அறிவித்தார். போகிற நேரம் வாசலில் வைத்து ஏதோ காதுக்குள் சொன்னார், முத்துலிங்கம் தலையை ஆட்டி மறுத்தார். என்ன கதை என்று நேசமலர் கேட்க, குழு விசயம் என்றார்.

வீக்கமோ பெரிதாகிக்கொண்டே வந்தது. பெல்ட் கட்டினார். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. கொள்கலன்களுக்கு நடுவே சிங்கம் மாதிரித் திரிந்த மனுசன், டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி பார்க்கத் தொடங்கினார். நேசமலர் கண்டும் காணாததுபோல இருந்தார்.

ஒரு சனிக்கிழமை நேசமலர் நேரத்தோடு லாப்புக்குப் போய்விட்டார். மெஷினில் வேலையாக நிற்க, யதுஷா கொண்டுவந்து வைத்த ரியூப்களில் ஒன்றில் கணவரின் பெயர். வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்று. நட்சத்திரம் இல்லை.

வெளியே எட்டிப் பார்த்தால், முத்துலிங்கம் நனைந்த பெனியனோடு, முகம் சிவந்து, பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். மனைவி படியிறங்கியதும் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு குழுவோடு போயிருக்கிறார்.

"எவ்வளவு?"

"முப்பத்தொண்டு."

"நடந்தால் சுகம் வரும் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்," என்றார் மனிதர்.

நேசமலருக்கு ஏச வாய் வந்தது. ஏசவில்லை. அவருடைய கண் கணவரின் நெஞ்சில் நின்றது. அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "இதில இருங்கோ," என்று ஒரு கதிரையைக் காட்டினார். கையில் பத்திரிகையைக் கொடுத்தார். ஒரு மணித்தியாலம் விட்டு, வியர்வையெல்லாம் காய்ந்த பிறகு, தானே ரத்தம் எடுத்தார். முப்பத்துநாலு.

ஒரே ஆள். ஒரே கை. ஒரே மெஷின். ஓடி வந்தால் முப்பத்தொன்று, இருந்து எழும்பினால் முப்பத்துநாலு. உடம்பு வேகப்பட்டால் ரத்தத்தை உறையவைக்கிற சத்தும் கூடும், செக்கன் குறையும் என்று படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு எழுதி, மார்க்ஸும் வாங்கியிருந்தார். நேசமலர் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தார். நூற்றிருபது பேரில் முதலில் தேறிய அந்த ஒன்பது பேரைத் தவிர மற்ற எல்லோரும் மூச்சு வாங்க வாங்க வந்தவர்கள். ஓடி வந்தவர்களை அளந்து, ஆறுதலாக இருக்கிற சனத்தையெல்லாம் நோயாளி ஆக்கியிருக்கிறார். கொட்டாஞ்சேனைச் சனம் ஓட்டோவில் வந்து இறங்கி, கிளையில் முறைக்குக் காத்திருந்து, ஆறுதலாகக் கை நீட்டிய சனம். அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கணவருக்கும் இல்லை.

சந்தோசம்தான் முதலில் வந்திருக்கவேண்டும். வெட்கம் முந்திக்கொண்டது.

"என்னவாம்?" என்றார் முத்துலிங்கம்.

"மெஷினில ஏதோ குழப்பம் போல. நீங்கள் வீட்ட போங்கோ," என்றார்.

டொக்டரிடம் அன்றே சொல்லியிருக்கவேண்டும். திங்கட்கிழமை லாப்பின் தரத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க ஆட்கள் வருகிறார்கள், வந்து போகட்டும் என்று தனக்குத்தானே தவணை சொன்னார். வந்தார்கள். சொந்த எல்லை வைத்த லாப் என்று வாயாரப் புகழ்ந்தார்கள். வந்தவர்களில் மூத்தவர் நேசமலரின் கையைக் குலுக்கினார். டொக்டர் றவூப் பூரித்துப்போய் எல்லோருக்கும் வட்டிலப்பம் எடுப்பித்தார். வட்டிலப்பம் சாப்பிடுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை சொல்லுவோம் என்று நினைத்தார். நாளைக்கு நாளை என்று தள்ளுகிற ஆளை நேசமலருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இப்போது அந்த ஆள் அவரேதான்.

வியாழக்கிழமை மத்தியானம் முத்துலிங்கம் போன் எடுத்தார். வயிறு, வயிறு என்று மட்டும் சொன்னார். நேசமலர் ஓடிப் போய்ப் பார்த்தால், வீக்கம் கல்லாக இறுகிக் கிடக்கிறது, உள்ளே போகவில்லை. சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்திருக்கிறார். ஓட்டோவில் போட்டு, காலி வீதி நெரிசலுக்குள்ளால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நிபுணர் வந்து தொட்டுப் பார்த்து, இப்போதே வெட்டவேண்டும் என்றார். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரம்மா கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, முடியாது என்றார். இவருக்கு ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கிறது, முதுகில் ஊசி ஏற்றமுடியாது, ரத்த வங்கியிலிருந்து பிளாஸ்மா எடுப்பித்து ஏற்றிய பிறகுதான் என்றார். அதற்கு எவ்வளவு நேரம் என்று நிபுணர் கேட்டார். குறைந்தது மூன்று மணித்தியாலம். குடல் அவ்வளவு நேரம் தாங்காது என்றார் நிபுணர். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து இருவரும் கட்டிலுக்கு இரு பக்கமும் நின்று கதைத்தார்கள். முத்துலிங்கம் நடுவில் கிடந்து வேர்த்தார்.

"அந்த ரிப்போட் பிழை," என்றார் நேசமலர் ஆங்கிலத்தில்.

இருவரும் திரும்பினார்கள். "எந்த லாப் கொடுத்தது?" என்று டொக்டரம்மா கேட்டார்.

"எங்களுடைய லாப். எண் சரி. பக்கத்தில் இருக்கிற எல்லை பிழை. அந்த எல்லையை வைத்தது நான்."

"அம்மா, இது உங்கள் கணவரின் உயிர். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"நான் பிழை விட்டது எனக்கு நிச்சயமாகத் தெரியும்," என்றார் நேசமலர்.

டொக்டரம்மா நம்பவில்லை. நம்பாதது சரி என்று நேசமலருக்கே பட்டது. டொக்டர் றவூப்புக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் விட்டார். நடைக்குழு, மூன்று கதிரை, சனிக்கிழமை எடுத்த இரண்டு ரத்தம், அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தது, எதையும் விடாமல் சொன்னார்.

மறுமுனையில் டொக்டர் றவூப் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"எல்லாரும் நடந்துட்டா வந்தாங்க, மிஸ்?"

"ஓம் டொக்டர். ஓட்டமும் நடையுமா."

"அந்த டொக்டர்கிட்ட போனக் குடுங்க."

டொக்டர் றவூப் ஆங்கிலத்தில் சொன்னது சுருக்கம். கம்பனி எல்லையின்படி முப்பத்துநாலு நோர்மல், என் லாப் கொடுத்த எல்லையை இந்த நிமிடத்திலிருந்து வாபஸ் வாங்குகிறேன், வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன் என்றார். டொக்டரம்மா கடைசியாக முத்துலிங்கத்தைப் பார்த்து, பல்லுப் பிடுங்கினபோது, காயம் பட்டபோது எப்போதாவது ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அவர் தலையாட்டினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே மர வாங்கில் நேசமலர் தனியே இருந்தார். பிழை என்று சொன்னதும் பிழையாக இருந்தால்? சனிக்கிழமையே சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த வாங்கில் இருக்கவேண்டி வந்திருக்குமா? தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டார். நிபுணர் வெளியே வந்து, குடல் தப்பியது, ரத்தம் எல்லோருக்கும் போவதுபோலத்தான் போனது, நின்றது என்றார். நேசமலர் அவருடைய காலில் விழாத குறை.

அன்று பின்னேரம் முழுக்க அந்த வாங்கிலேயே இருந்து, யதுஷா அனுப்பிய பெயர்களைப் பார்த்து, நட்சத்திரம் விழுந்த ஆட்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் எடுத்தார். உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிழை எங்களுடையது என்று சொன்னார். சிலர் வாழ்த்தினார்கள், சிலர் நாறக் கிழித்தார்கள். கொட்டாஞ்சேனையில், நட்சத்திரத்தைச் சாட்டி உலக்கையைத் தொடாமல் இருந்த ஜவாஹிறா என்ற ஒரு பெண்மணி, "அப்ப நான் இனி மாவிடிக்கணுமா?" என்று மனமுடைந்து கேட்டார். நேசமலர் ஓம் என்றார்.

அடுத்த நாள் காலை முத்துலிங்கம் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தார். நேசமலர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோப்பையில் கஞ்சியை ஆற்றியபடி எல்லாவற்றையும் சொன்னார். ரெண்டு மாசம் உங்களைச் சும்மா பூட்டி வச்சிருந்தனான் என்றார். சனிக்கிழமையே தெரிந்தும் சொல்லாமல் இருந்தனான் என்றார்.

"ரெண்டு மாசமா உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையே?" என்று நேசமலர் கேட்டார்.

"வந்தது. ஜீவராஜ் அண்டைக்கு வாசலில வச்சுச் சொன்னவர், வேற லாப்பில ஒருக்காக் காட்டிப் பாரும் எண்டு. தானே கூட்டிக்கொண்டு போறன் எண்டும் சொன்னவர்."

"பிறகேன் போகேல்ல?"

முத்துலிங்கம் கஞ்சிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"அங்க நோர்மல் எண்டு வந்தால், நீர் பிழை எண்டு வந்திடுமே," என்றார்.

வார்டில் மற்றக் கட்டில்களில் ஆட்கள் இருக்கிறார்கள், தாதிமார் போய்வருகிறார்கள் என்று தெரிந்தும் நேசமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முத்துலிங்கம் கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை அழுதுகொண்டே இருந்தார்.